வியாபாரக் குறியும் அதன் பதிவும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பாட்டுக் கச்சேரிக்கும் சிற்றுண்டிக்கும் நடுவே இத்தகைய வறண்ட பொருளைப் பேசுமாறு காரியதரிசி அவர்கள் பணித்தார்கள். நாம் வக்கீல் அல்லோம். பத்தாம் வகுப்புத் தேறி, ரெயில்வே பார்சல் ஆபீசில் குமாஸ்தா வேலை பார்ப்பவர். ஆயினும் இப்பொருள் நம் காலனிக்கு வேண்டாத ஒன்றன்று. காப்பிப் பொடி, இட்லிப் பொடி, ஊறுகாய், வடாம் என்று இங்கே எத்தனை வீடுகளில் கைத்தொழில் நடைபெறுகிறது! உறையின் மேல் ஒரு பெயரையும் படத்தையும் அச்சிட்டு விற்கிறோம். அந்தப் பெயர் யாருடையது என்றால் "எங்களுடையது" என்போம். அதற்கு அத்தாட்சி என்ன என்றால் விழிப்போம்.

கூட்ஸ் ஷெட்டில் அடுக்கியிருக்கும் மூட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். அனுப்புவோர் ஒவ்வொருவரும் தமக்கென ஓர் அடையாளம் தீட்டியிருப்பர். எழுத்தறியாத போர்ட்டரும் அதைக் கண்டு, இது இன்னார் சரக்கு என்று பிரித்து வைப்பார். டிரேட் மார்க் என்னும் வியாபாரக் குறியின் வேலையும் அதுவே. சரக்கின் தரத்துக்கு அது ஜாமீன் அன்று. சரக்கு யாரிடமிருந்து வந்தது என்பதையே அது கூறும்.

ஆகவே "சுத்தமான காப்பி" என்றோ, "ருசி ஊறுகாய்" என்றோ பெயர் வைத்துவிட்டு, அது நமக்கே உரியது என்று வாதிட முடியாது. அவை சரக்கை வருணிக்கும் சொற்கள், எல்லோருக்கும் பொது. ஊர்ப் பெயரும் பெரும்பாலும் அப்படியே. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019-இலும், மணப்பாறை முறுக்கு 2023-இலும் புவிசார் குறியீடு பெற்றன. அது வேறு சட்டம். அவ்வூர்களில் அவற்றைச் செய்வோருக்குரிய உரிமை. வங்காளத்தில் முறுக்குச் சுற்றும் நாம் அப்பெயரை உறையில் போடாதிருப்பதே முறை. தெய்வத்தின் பெயரையும் புராணத்தின் பெயரையும் வைப்பதில் நம்மவருக்கு ஆசை அதிகம். "ராமாயண்" என்ற பெயரை ஊதுபத்திக்குத் தனியுரிமையாக்க ஒருவர் முயன்றபோது, புனித நூலின் பெயரை எவரும் தமதாக்கிக்கொள்ள இயலாது என்று சுப்ரீம் கோர்ட் 2015-இல் தீர்ப்பளித்தது.

இப்போது நடைமுறையில் இருப்பது 1999-ஆம் ஆண்டுச் சட்டம். 2003 செப்டம்பர் 15 முதல் அமலில் உள்ளது. பதிவு அலுவலகங்கள் மும்பை, டெல்லி, கொல்கத்தா, சென்னை, அகமதாபாத் ஆகிய ஐந்து ஊர்களில் உள்ளன, நமக்குக் கொல்கத்தா. சரக்குகளையும் சேவைகளையும் 45 வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். காப்பிப் பொடியும் மசாலாவும் 30-ஆம் வகுப்பு, ஊறுகாய் 29, மெஸ் நடத்துவோருக்கு 43. தனி நபரும் சிறு தொழில் செய்வோரும் இணையத்தின் வழியே மனுச் செய்தால் வகுப்பு ஒன்றுக்கு 4,500 ரூபாய் கட்டணம். காகிதத்தில் கொடுத்தால் 5,000. மனுவுக்கு முன், அதே பெயரோ அதே ஓசையுள்ள பெயரோ முன்பே உண்டா என்று பதிவாளரின் இணையதளத்தில் தேடிப் பார்ப்பது அவசியம். அதற்குக் கட்டணம் இல்லை. எழுத்து மாறினால் போதும் என்று சிலர் எண்ணுகிறார்கள். "அமிர்ததாரா", "லட்சுமண்தாரா" என்ற இரு மருந்துப் பெயர்களே மக்களை மயக்கும் அளவுக்கு ஒத்தவை என்று 1962-இல் சுப்ரீம் கோர்ட் கருதியது.

பரிசோதகர் ஏதேனும் ஆட்சேபணை எழுப்பினால் ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். பின்னர் குறி, வாரந்தோறும் வெளிவரும் டிரேட் மார்க் ஜர்னலில் விளம்பரமாகும். அதிலிருந்து நான்கு மாதத்துக்குள் எவரும் எதிர்ப்பு மனுக் கொடுக்கலாம்.

இந்த நான்கு மாதத்தின் அருமையை நம் காலனியிலேயே கண்டோம். கணவரை இழந்த ஓர் அம்மையார் பதினேழு ஆண்டுகளாக ஒரே பெயரில் பொடி வகைகள் விற்று, இரு பிள்ளைகளைப் படிக்க வைத்தார். கடைத்தெரு வியாபாரி ஒருவர் அதே பெயருக்கு மனுச் செய்து, அம்மையார் அதை உடனே கைவிட வேண்டும் என்று வக்கீல் நோட்டீசும் அனுப்பினார். முந்தி மனுச் செய்தவருக்கே பெயர் என்று எண்ணி, அம்மையார் இருந்த உறைகளைக் கிழிக்கவே துணிந்துவிட்டார். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. முன்பிருந்தே உண்மையாக வழங்கி வந்தவரின் உரிமை, பின்னால் வந்தவரின் பதிவைக் காட்டிலும் வலிது. திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா வழக்கில் 2015-இல் சுப்ரீம் கோர்ட் இதைத்தான் உறுதிப்படுத்தியது.

ஆனால் வழங்கி வந்ததற்குச் சான்று வேண்டுமே! பிள்ளைகள் பரணைத் துழாவினார்கள். உறை அச்சிட்ட அச்சகத்தின் பழைய பில்கள் ஒரு தகரப் பெட்டியில் கிடைத்தன. ஜாம்ஷெட்பூருக்கும் நாகபுரிக்கும் அனுப்பிய பார்சல் ரசீதுகளும் அவற்றோடு இருந்தன. ஒவ்வொன்றிலும் தேதியும் அந்தப் பெயரும். நான்கு மாதம் முடியச் சில நாட்களே இருக்கும்போது எதிர்ப்பு மனுப் போயிற்று. இரண்டு மாதத்துக்குள் வியாபாரி எதிருரை தாக்கல் செய்ய வேண்டும், செய்யவில்லை. அவர் மனு கைவிடப்பட்டதாயிற்று. அதன் பிறகே அம்மையார் தம் பெயரில் மனுச் செய்தார். குப்பை என்று பில்களை ஆயுத பூஜைக்கு முன் பழைய பேப்பர்காரரிடம் போடும் நம் வீட்டு வழக்கத்தை இனியேனும் விட்டால் நலம்.

பதிவு கிடைத்தால் மனுச் செய்த நாளிலிருந்தே செல்லும். பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பதிவான பின்னரே வட்டத்துக்குள் "ஆர்" என்ற எழுத்தை இடலாம். அதற்கு முன் இட்டால் தண்டம் உண்டு. பதிவு செய்துவிட்டு ஐந்தாண்டுக்கு மேல் வழங்காமல் கிடப்பில் போட்டால், பிறர் கேட்டு அதை நீக்கவும் செய்யலாம்.

மனு யார் பெயரில் என்பதும் ஒரு கேள்வி. அண்ணன் தம்பியர் பிரியும்போது அண்டாவையும் அரவை மெஷினையும் பங்கிட்டுவிடலாம். பெயரை எப்படிப் பங்கிடுவது? முதலிலேயே பேசி எழுதிக்கொள்ள வேண்டும். வீட்டுத் தொழிலில், வறுத்து அரைத்து வியர்வை சிந்துபவர் மனைவியாயிருக்க, மனுவில் கணவர் பெயரை எழுதும் வழக்கம் நமக்கு உடன்பாடன்று. உழைப்பவர் பெயரிலேயே எழுதுங்கள்.

மனு நிரப்ப உதவி வேண்டுவோர், கையில் உள்ள பழைய பில்களோடு ஞாயிற்றுக்கிழமை காலை சங்க வாசகசாலைக்கு வரலாம். நாம் அங்கே இருப்போம்.