நியாயம் எங்கே தெரிகிறது?

(புனேயில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

காரியதரிசி எனக்குக் கொடுத்த தலைப்பு ‘அன்றாட வாழ்வில் நியாயம்’. தர்ம சாஸ்திரம் பேச எனக்கு யோக்யதை கிடையாது. பி.எஸ்ஸி. படித்துவிட்டு சர்க்கார் உத்தியோகம் பார்த்தவன். மனு வாங்குவதும் அதன்மேல் உத்தரவு எழுதுவதும்தான் என் பிழைப்பாக இருந்தது. ஆகவே நாம் வாழும் இந்த ஊரில் நடந்தவற்றையே சொல்கிறேன்.

முன்பெல்லாம் புனே ஆட்டோக்களில் மெக்கானிகல் மீட்டர். கட்டணம் ஏறும்போதெல்லாம் மீட்டரை மாற்ற முடியாது என்பதால், ‘மீட்டரில் இத்தனை காட்டினால் கொடுக்க வேண்டியது இத்தனை’ என்று அச்சடித்த கார்டு டிரைவரிடம் இருக்கும். ஊருக்குப் புதிதாக வந்த நம்மவர், மீட்டரில் காட்டுவதைவிட அதிகம் கேட்கிறானே என்று முதலில் திகைப்பார். கார்டை நீட்டியதும் பேசாமல் கொடுத்துவிடுவார். அதே மனிதர் சென்னை சென்ட்ரலில் இறங்கி, டிரைவர் வாயால் சொல்லும் தொகைக்குப் பத்து நிமிஷம் மல்லுக்கு நிற்பார். பணம் கூடவா குறைவா என்பது அப்புறம். அந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்று தெரியாததுதான் அவருக்கு எரிச்சல்.

விஞ்ஞானம் படித்தவன் என்பதால் ஒரு சோதனையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2003-இல் பிராஸ்னன், டி வால் என்ற இருவர் கபுச்சின் குரங்குகளை வைத்து ஒன்று செய்தார்கள். கல்லைத் திருப்பிக் கொடுத்தால் வெள்ளரித் துண்டு கிடைக்கும். குரங்கும் சந்தோஷமாகத் தின்றது. பக்கத்துக் குரங்குக்கு அதே வேலைக்குத் திராட்சை கொடுத்ததைப் பார்த்ததும் வெள்ளரியை வேண்டாம் என்றது. பிற்பாடு செய்த எல்லாச் சோதனைகளிலும் இதே முடிவு வரவில்லை. ஆகவே குரங்கை அதிகம் நம்ப வேண்டாம்.

மனிதர்கள் விஷயத்தில் எனக்கு அதிக நம்பிக்கை தந்தது டாம் டைலர் என்பவரின் ஆராய்ச்சி. சிகாகோ நகரில் 1,575 பேரிடம் போலீஸ், கோர்ட்டு அனுபவங்களைக் கேட்டு, 1990-இல் புத்தகமாக எழுதினார். வழக்கு நமக்குச் சாதகமாக முடிந்ததா என்பதைவிட, நம்மைப் பேச விட்டார்களா, மரியாதையாக நடத்தினார்களா, பாரபட்சம் இல்லாமல் முடிவு செய்தார்களா என்பதை வைத்தே ஜனங்கள் நியாயத்தை எடை போடுகிறார்கள் என்பது அவர் கண்டது. என் நாற்காலி அனுபவமும் அதுதான். ‘முடியாது’ என்று நான் எழுதிய மனுக்கள் ஏராளம். எந்த விதி, ஏன் பொருந்தவில்லை என்று உட்கார வைத்துச் சொன்னால் பலர் தலையாட்டிவிட்டுப் போவார்கள். தபாலில் ஒரு வரியில் மறுப்புப் போனால், மூன்றாம் நாள் மேலதிகாரிக்கு நாலு பக்கப் புகார் வரும். இரண்டிலும் விஷயம் ஒன்றே.

1897-இல் புனேயில் பிளேக் பரவியபோது நடந்ததும் இந்த ரகம்தான். வியாதியைத் தடுக்க வேண்டும் என்பதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் ராண்ட் என்ற அதிகாரியின் கீழ் வெள்ளைச் சிப்பாய்கள் சமையலறை, பூஜையறை என்று பாராமல் வீடு வீடாக நுழைந்தார்கள். ஜூன் 22 இரவு கணேஷ்கிண்ட் சாலையில் சாபேகர் சகோதரர்கள் அவரைச் சுட்டார்கள். கொலையை நான் நியாயப்படுத்தவில்லை. பிளேக் வந்த வீட்டுக்காரன் மனசில் அந்த நாட்களில் பிளேக்கைவிடப் பெரிய விரோதி யாராக இருந்தான் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

இனி நான் ஆசையோடு சொல்ல வந்த இரண்டு வழக்குகள். இரண்டும் பேஷ்வா காலத்தவை.

முதலாவது நம்மில் பலருக்குத் தெரியும். 1773 ஆகஸ்ட் 30 அன்று சனிவார் வாடாவில் பதினெட்டு வயசு நாராயணராவ் பேஷ்வா கொல்லப்பட்டார். சித்தப்பா ரகுநாதராவ் பதவிக்கு வந்தார். தலைமை நியாயாதிபதி ராம் சாஸ்திரி பிரபுணே. சாதாராவுக்கு அருகில் உள்ள மாஹுலிக்காரர். அவர் ஓசைப்படாமல் விசாரித்து, கொலையில் ரகுநாதராவுக்குப் பங்கு உண்டு என்று கண்டு, நேரிலேயே போய்ச் சொன்னார். இதற்குப் பிராயச்சித்தம் என்ன என்று கேட்டதற்கு, உயிரைக் கொடுப்பது தவிர வேறில்லை என்றார். அந்த ஆட்சியில் இருக்க மாட்டேன் என்று ஊரை விட்டே போய்விட்டார். நானா பட்னவிஸ் முதலானோர் ஆட்சியைக் கையில் எடுத்த பிறகுதான் திரும்பி வந்தார்.

இதில் ஒரு வேடிக்கை. அந்தத் தண்டனை நிறைவேறவே இல்லை. ரகுநாதராவ் 1783 வரை உயிரோடு இருந்து, இயற்கையாகவே காலமானார். தீர்ப்பின் பலன் பூஜ்யம். ஆனாலும் இந்த ஊரில் நியாயம் என்றால் இன்றும் ராம் சாஸ்திரி பெயரைத்தான் சொல்கிறார்கள். சின்னவனுக்கு என்ன விதியோ அதே விதி சிம்மாசனத்தில் இருப்பவனுக்கும் என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னாரே, அது போதுமாக இருந்தது.

இரண்டாவது நம்மவர் சம்பந்தப்பட்டது. ராம் சாஸ்திரி 1789-இல் காலமானார். அதற்கு இரண்டு வருஷம் கழித்து, தட்சிணை வாங்கத் தெற்கிலிருந்து வந்த தெலுங்கு பிராம்மணர்கள் சிலரை, தோட்டத்தில் திருடினார்கள் என்று பிடித்து, நகரக் கொத்வால் காசிராமின் ஆட்கள் ஒரு சின்ன அறையில் அடைத்தார்கள். பூட்டை உடைத்துத் திறந்தபோது இருபது பேருக்கு மேல் மூச்சு முட்டி இறந்து கிடந்தார்கள். மற்ற பிராம்மணர்கள் கொதித்துத் திரண்டு வந்து நானா பட்னவிஸிடம் முறையிட்டார்கள். கடைசியில் கொத்வாலை அவர்கள் கையிலேயே ஒப்படைத்தார். 1791 ஆகஸ்ட் மாதக் கடைசியில் ஊர் சுற்றி இழுத்துப்போய்க் கல்லால் அடித்தே கொன்றார்கள்.

பாதிக்கப்பட்டவர்கள் கேட்டது முழுசாகக் கிடைத்தது. ராம் சாஸ்திரி வழக்கில் கிடைக்காதது எல்லாம் இதில் கிடைத்தது. ஆனால் இதை நியாயத்துக்கு உதாரணமாக யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அந்தக் கொத்வாலை நியமித்தது யார், அத்தனை வருஷம் அவன் கையில் அத்தனை அதிகாரத்தை விட்டு வைத்தது யார் என்ற கேள்வி, கல் விழுந்த சத்தத்தில் அடங்கிப் போயிற்று. 1972-இல் விஜய் டெண்டுல்கர் ‘காசிராம் கொத்வால்’ நாடகத்தில் அந்தக் கேள்வியைத்தான் எழுப்பினார். அது சரித்திரம் அல்ல, கற்பனை கலந்தது. ஆனாலும் இங்கே எத்தனை பேருக்குச் சுருக்கென்றது என்பது பழைய புனேக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

இப்போது எங்கள் ஹவுசிங் சொசைட்டிக்கு வருகிறேன். நாற்பத்தெட்டு வீடு, முப்பத்தோரு கூரை போட்ட கார் நிறுத்துமிடம். வருஷக்கணக்கில் சண்டை. ஏலம் விடலாம் என்றார் ஒருவர். முதலில் வீடு வாங்கியவர்களுக்கே என்றார் முதலில் வீடு வாங்கியவர். கடைசியில் பைலாவில் உள்ளபடி வருஷத்துக்கு ஒருமுறை சீட்டுக் குலுக்குவது என்று முடிவாயிற்று. எவர்சில்வர் குடத்தில் சீட்டுகளைப் போட்டு, இரண்டாம் மாடிக் குழந்தையை எடுக்கச் சொன்னோம். கிடைக்காத பதினேழு பேரும் முணுமுணுக்கவில்லை. ஒழுகும் பைப்புக்கு அடியில் இடம் கிடைத்தவர்கூடச் சிரித்துக்கொண்டே போனார்.

எனக்கு உடனே உத்திரமேரூர் ஞாபகம் வந்தது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு. பத்தாம் நூற்றாண்டு. முப்பது குடும்புகளிலும் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத ஒரு பாலகனைக் கொண்டு எடுக்க வேண்டும். ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். உரக்க வாசிக்க வேண்டும். கணக்குக் காட்டாமல் போனவனும் அவன் நெருங்கிய உறவுக்காரர்களும் ஓலையில் பெயர் எழுத லாயக்கில்லை. விரலை விரிக்கச் சொன்னானே, அந்த ஒரு விதிக்காகவே கல்வெட்டுக்கு நமஸ்காரம் பண்ணலாம்.

பெருமையோடு இதைக் குலுக்கல் முடிந்ததும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருக்கும் ஒரு டீச்சரம்மா கேட்டுக்கொண்டிருந்தார். போலியோவால் கால் பாதிக்கப்பட்டவர். பின்னால் இரண்டு சக்கரம் கூடுதலாக வைத்த ஸ்கூட்டர் ஓட்டுகிறார். மழையில் வெகுதூரத்தில் நிறுத்திவிட்டு நடக்க வேண்டியிருக்கிறது. அவர் சொன்னார்: “குலுக்கினதிலே எனக்கு ஒரு குறையும் இல்லை, மாமா. என் பேரை எழுதவே இல்லையே?”

விதிப்படி கமிட்டி செய்தது சரி. மெம்பர்களுக்குத்தான் இடம், வாடகைக்கு இருப்பவர்களுக்கு இல்லை. ஆனால் அந்த விதியை எழுதிய மீட்டிங்கில் அவரும் இல்லை, அவர் போன்றவர்களும் இல்லை. உத்திரமேரூர்க் குடத்திலும் அப்படித்தான். வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேத ஞானமும் உள்ள, முப்பத்தைந்திலிருந்து எழுபதுக்குள் வயசான ஆண்கள் பெயர்தான் விழுந்தது. குலுக்கல் அப்பழுக்கில்லாதது. குடத்துக்கு வெளியே இருந்தவர்களைப் பற்றிக் கல்வெட்டு பேசவில்லை.

நம் கூட்டங்களில் காலேஜ் சீட்டு, உத்தியோகம் பற்றி நமக்கு அநியாயம் நடக்கிறது என்ற பேச்சு அடிக்கடி வருகிறது. அந்த மனக்குறையைப் பொய் என்று நான் சொல்லவில்லை. மார்க்கு வாங்கிய பையனின் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் பெயரையே கூப்பிடாத வேதனை நமக்கு முன்னால் யாருக்கு, எத்தனை தலைமுறையாக இருந்தது என்பதையும் பேச வேண்டும். இதே புனேயில் கஞ்ச் பேட்டில் ஜோதிராவ் புலே 1868-இல் தம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை, தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்குத் திறந்துவிட்டார். அதுவரை அவர்கள் ஊர்க் கிணற்றில் தண்ணீர் கேட்டு வரிசையில் நிற்கக்கூட முடியாது. வரிசையில் முந்தினான், பிந்தினான் என்று சண்டை போடுவதற்கே முதலில் வரிசையில் இடம் வேண்டும் அல்லவா? அந்த வீடு இன்று நினைவகம். சனிவார் வாடாவுக்கு விருந்தாளிகளை அழைத்துப் போகிறவர்கள் அங்கேயும் அழைத்துப் போகலாம். ஆட்டோவில் கொஞ்ச நேரம்தான்.

அடுத்த மாசம் எங்கள் சொசைட்டியின் பொதுக்குழு. லிப்ட் பக்கத்தில் விருந்தாளிகளுக்கென்று விட்டிருக்கும் இடங்களில் ஒன்றை, நடக்கச் சிரமப்படுகிறவர் யாராக இருந்தாலும், வாடகைக்கு இருந்தாலும், கொடுக்க வேண்டும் என்று தீர்மானம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இரண்டு பேர் இப்போதே எதிர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். அதில் ஒருவர் இதே ஹாலில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவர் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்ளலாம். காபி அதற்கப்புறம்.