காய்ந்த பயறா, டின் பயறா?

(மகளிர் குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பேச ஆரம்பிக்கும் முன்னே ஒரு வேலை. அதோ அந்த மூலையில் அடுப்பு மேலே ஒரு குக்கர் இருக்கிறது. அதில் கால் கிலோ கொண்டைக்கடலை. நேற்று ராத்திரி உங்கள் குழுத் தலைவி தன் வீட்டில் ஊறப்போட்டுக் காலையில் கொண்டுவந்தது. யாராவது ஒருத்தர் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வாருங்கள். நான் பேசி முடிப்பதற்குள் வெந்துவிடும். மேசை மேலே பாருங்கள், இது டின். இதிலும் கொண்டைக்கடலைதான். ஒரு சூப்பர் மார்க்கெட்டில் நானே காசு கொடுத்து வாங்கினேன். கடைசியில் இரண்டையும் தராசில் வைத்துப் பார்க்கப் போகிறோம்.

திருப்பூர்ப் பக்கத்துப் பொம்பளைகளிடம் பயறைப் பற்றிப் பேச நான் என்னத்துக்கு வரவேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். கொள்ளுப் பருப்பு, பாசிப்பயறு கடைஞ்சது, தட்டப்பயறும் கத்தரிக்காயும் போட்ட குழம்பு, அரிசிம்பருப்பு எல்லாம் உங்கள் பாட்டி ஆக்கிப் போட்டதுதானே? உண்மைதான். ஆனால் பாட்டி காட்டுக்குப் போய் வந்தவர். நீங்கள் காலை எட்டரைக்குப் பனியன் கம்பெனிக்குள் இருக்கவேண்டியவர்கள். அந்த வித்தியாசத்தை நான் ரொம்ப நாள் புரிந்துகொள்ளவில்லை. அதைத்தான் முதலில் சொல்லவேண்டும்.

கொஞ்ச காலம் முன்பு லைன் வீடு ஒன்றுக்குப் போயிருந்தேன். அங்கே ஏழு மாதக் கர்ப்பிணி ஒரு பொண்ணு, செக்கிங் வேலைக்குப் போய்வருகிறவள். ரத்தச் சோதனையில் ஹீமோகுளோபின் 8.4. கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகை என்று கணக்கு. 7-க்குக் கீழே போனால் கடுமையான சோகை, பிரசவத்தில் கொஞ்சம் ரத்தப்போக்கு வந்தாலும் உயிருக்கு ஆபத்து. இவள் இடையிலே நின்றுகொண்டிருந்தாள். "பயறு சாப்பிடச் சொன்னேனே கண்ணு, சாப்பிட்டியா?" என்று கேட்டேன். "சாப்பிடறனுங்கம்மா" என்றாள். அலமாரியைத் திறந்து பார்த்தால் ஒரு பையில் அரைக் கிலோ தட்டப்பயறு, பாதிக்கு மேலே வண்டு துளைத்த மாவு. பக்கத்தில் இரண்டு டின். "அவருதானுங்க வாங்கியாந்தாரு. ஊறப்போட மறந்துர்றேன், இதுன்னா அப்படியே திங்கலாம்னு." ஒன்றைத் திறந்திருக்கிறார்கள், இன்னொன்றைத் திறக்க மனசு வரவில்லையாம். விலை அப்படி.

அந்தப் பிள்ளை மேலே தப்பில்லை, தப்பு என் மேலேதான். "பயறு சாப்பிடுங்கள்" என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டு வந்தேனே ஒழிய, "யார் ஊறப்போடுவது, எத்தனை மணிக்கு ஊறப்போடுவது" என்று ஒருத்தரையும் கேட்டதில்லை.

இனி கணக்குக்கு வருவோம். டின்னின் மேலே 400 கிராம் என்று போட்டிருக்கும். அது கடலையும் தண்ணியும் சேர்ந்த எடை. லேபிளில் சின்ன எழுத்தில் வடிகட்டிய எடை என்று இன்னொன்று இருக்கும், பெரும்பாலும் 240 கிராம் சுமார். காய்ந்த கடலை 100 கிராமை ஊறவைத்து வேகவைத்தால் 230, 250 கிராம் ஆகிறது. அதாவது ஒரு டின்னும் 100 கிராம் காய்ந்த கடலையும் சமம். ஒரு கிலோ காய்ந்த கடலை என்பது பத்து டின். இனி விலையை நான் சொல்லவேண்டியதில்லை, மாதத்துக்கு மாதம் மாறுவது அது. கடையில் நின்று டின் விலையைப் பத்தால் பெருக்குங்கள், ஒரு கிலோ கடலை விலையோடு வைத்துப் பாருங்கள், போதும்.

"கேஸ் செலவு இருக்குதுங்களே?" என்று போன கூட்டத்தில் ஒருத்தர் கேட்டார். நல்ல கேள்வி. வீட்டு அடுப்பு அரை மணி நேரம் முழுசாக எரிந்தாலும் 100 கிராம் கேசுக்குள்தான் செலவாகும். சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ. ஆகவே சிலிண்டர் விலையை 142-ஆல் வகுத்தால் வருவதுதான் ஒரு தடவை பயறு வேகவைக்கிற செலவு. அதற்குள் அரைக் கிலோ பயறு வெந்துவிடும். ஆனால் ஊறவைக்காத கடலையைக் குக்கரில் போட்டு விசில் மேலே விசில் விட்டால் இந்தக் கணக்கு செல்லாது.

டின் பயறில் சத்தே இல்லை என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். புரதமும் இரும்பும் டின்னுக்குள்ளும் இருக்கின்றன. தண்ணியில் கரைகிற சில வைட்டமின்கள் மட்டும் டின் தண்ணியோடு போகும். உணவைக் காற்றுப் புகாமல் அடைத்துக் கொதிக்கவைத்துக் காப்பாற்றும் வழியைப் பிரான்சு தேசத்து மிட்டாய்க்காரர் நிக்கோலா அப்பேர் கண்டுபிடித்து 1810-இல் அரசாங்கப் பரிசு வாங்கினார். நல்ல கண்டுபிடிப்புதான். வீட்டில் காய்ச்சல் கிடக்கிறது, இரண்டு நாளாக அடுப்பே எரியவில்லை, அல்லது சமையல் வசதி இல்லாத விடுதியில் தங்கியிருக்கிறீர்கள் என்றால் டின் வாங்குவதில் குற்றமில்லை. வெறும் டீயும் பன்னும் சாப்பிட்டுப் படுப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

வாங்கினால் சிலவற்றைக் கவனியுங்கள். டின் பயறில் உப்பு அதிகம். தண்ணியை வடித்துக் கொட்டிவிட்டு, குழாயடியில் நன்றாக அலசினால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உப்பு போய்விடும். ரத்த அழுத்தம் இருக்கிறவர்களும் கர்ப்பிணிகளும் இதைக் கட்டாயம் செய்யவேண்டும். உப்பின டின், கசிகிற டின், துரு ஏறியது, மடிப்பு ஓரத்தில் நசுங்கியது, இவற்றை யாராவது பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். உப்பின டின்னுக்குள் நரம்பைச் செயலிழக்கச் செய்கிற ஒரு நஞ்சு இருக்கலாம். ருசி பார்த்துத் தெரிந்துகொள்வோம் என்று நாக்கில்கூட வைக்காதீர்கள். திறந்த பிறகு மிச்சத்தை டின்னிலேயே வைக்காமல் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

காய்ந்த பயறுக்கு வருவோம். ஊறப்போட மறந்துபோகிறது என்பதுதான் எல்லா வீட்டிலும் இருக்கிற கஷ்டம். அந்தப் பொண்ணுக்கு நான் சொன்ன வழி இது. ராத்திரி சோற்றுச் சட்டி கழுவும்போது, கழுவின ஒரு பாத்திரத்தைக் கவிழ்க்காமல் அதிலேயே பயறைப் போட்டுத் தண்ணி ஊற்றிவிடு. தனி வேலையாக நினைத்தால் மறக்கும், பாத்திரம் கழுவுகிற வேலையின் முடிவாக வைத்துக்கொண்டால் மறக்காது. அப்படியும் மறந்துபோனால் காலையில் பயறைத் தண்ணியில் போட்டு இரண்டு நிமிஷம் கொதிக்கவிட்டு, மூடி ஒரு மணி நேரம் வையுங்கள். ராத்திரி முழுக்க ஊறினதற்குக் கிட்டத்தட்டச் சமம். அந்த நேரமும் இல்லாதவர்களுக்குப் பாசிப்பயறு இருக்கிறது. அது ஊறாமலே வேகும்.

சித்திரை வைகாசி வெயிலில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலே ஊறினால் பயறு நுரைத்துப் புளித்துவிடும். ஊறின தண்ணியைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணியில் வேகவையுங்கள். வாயு உண்டாக்குகிற சர்க்கரைப் பொருள்களில் ஒரு பகுதி அந்தத் தண்ணியோடு போய்விடும்.

"எத்தனை விசில் விட்டாலும் கல்லு மாதிரி இருக்குதுங்க" என்பவர்கள் உங்கள் தண்ணியைப் பாருங்கள். இந்தப் பக்கத்து போர் தண்ணியில் சுண்ணாம்புச் சத்து அதிகம், அது பயறின் தோலை இறுக்கிவிடும். குடிநீர்க் குழாயில் வருகிற ஆற்றுத் தண்ணியில் ஊறவைத்து வேகவைத்துப் பாருங்கள். புளியையும் தக்காளியையும் பயறு வெந்த பிறகுதான் சேர்க்கவேண்டும். ஆப்பச் சோடா போட்டால் சீக்கிரம் குழையும், வாஸ்தவம், ஆனால் பி-1 வைட்டமின் அழிந்துபோகும். உப்புப் போட்டு ஊறவைத்தால் பயறு இறுகும் என்று என் அம்மா சொல்லி நானும் நம்பியிருந்தேன். அது தப்பு. துளி உப்புப் போட்டு ஊறவைத்தால் தோல் இளகத்தான் செய்கிறது.

ரொம்பப் பழைய சரக்கு எத்தனை வேகவைத்தாலும் வேகாது. மலிவாகக் கிடைக்கிறதென்று மூன்று கிலோ வாங்கி வைக்காதீர்கள். கால் கிலோ, அரைக் கிலோ வாங்கி ஒரு தடவை வெயிலில் காயவைத்து, மூடி இறுக்கமான டப்பாவில் போடுங்கள். காய்ந்த பட்டாணி வாங்கினால் ஊறவைக்கும்போது தண்ணியைப் பாருங்கள். பச்சைச் சாயமாக இறங்கினால் அது சாயம் ஏற்றின பட்டாணி. கொட்டிவிடுங்கள், கடைக்காரரையும் கேளுங்கள்.

சிவப்பு ராஜ்மாவுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. அரைவேக்காட்டு ராஜ்மாவில் இயற்கையாகவே ஒரு நச்சுப்பொருள் உண்டு. நாலைந்து கொட்டை போதும், ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் கடும் வாந்தி எடுக்கும். ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணியைக் கொட்டிவிட்டுக் குக்கரில் நன்றாக வேகவையுங்கள். லைன் வீடுகளில் கரண்ட் ரைஸ் குக்கர் மட்டும் வைத்திருக்கிறவர்கள் அதிலே ராஜ்மா வேகவைக்கவே வேண்டாம். டின்னில் வருகிற ராஜ்மா ஏற்கெனவே நன்றாக வெந்தது, அதற்கு இந்தப் பயம் இல்லை.

எவ்வளவு சாப்பிடவேண்டும்? ஐதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில், 2000 கலோரி தேவைப்படுகிறவருக்கு ஒரு நாளைக்குப் பருப்பும் பயறுமாக 85 கிராம் என்று சொல்லியிருக்கிறார்கள். காய்ந்த எடையில் அது இரண்டு கைப்பிடிக்குப் பக்கம். நம் வீட்டுச் சாம்பாரில் ஆளுக்கு எத்தனை பருப்பு விழுகிறது என்று நீங்களே யோசியுங்கள். சில வீட்டுச் சாம்பாரில் பருப்பைத் தேடிப் பிடிக்கவேண்டியிருக்கிறது. ரேஷனில் மலிவு விலைக்குக் கொடுக்கிற துவரம் பருப்பை விடாமல் வாங்குங்கள், சந்தேகமில்லை. ஆனால் ஒரு கிலோ நாலு பேருக்கு மாதம் முழுக்க வராது. மீதியைப் பயறுதான் இட்டு நிரப்பவேண்டும். எந்தப் பயறானாலும் 100 கிராமில் ஏறக்குறைய 20 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு முட்டையில் 6 கிராம்.

இரும்புச் சத்து பயறில் உண்டு, ஆனால் உடம்பு அதைச் சுலபத்தில் எடுத்துக்கொள்ளாது. சுண்டல் மேலே அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிந்தால், அல்லது நெல்லிக்காய் ஒன்று சேர்த்துச் சாப்பிட்டால் அதிகம் சேரும். சாப்பிட்டவுடன் டீ குடித்தால் சேருவதும் கெட்டுப்போகும். ஒரு மணி நேரம் பொறுத்துக் குடியுங்கள். முளைகட்டினாலும் இரும்பு கூடுதலாகச் சேரும். முளைகட்டினதைக் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் வேகவைத்துத்தான் சாப்பிடவேண்டும். ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு நன்றாக மசித்துக் கொடுங்கள். முழுக் கடலையைச் சின்னப் பிள்ளை வாயில் போட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

கொள்ளு சூடு, கர்ப்பிணி தொட்டாலே கரு கலைந்துவிடும் என்று சில மாமியார்மார் தடுக்கிறார்கள். சமைத்த கொள்ளைச் சாப்பிட்டுக் கரு கலைந்தது என்பதற்கு மருத்துவத்தில் ஆதாரமில்லை. அதற்காக மாமியாரோடு சண்டை போடவேண்டாம். பாசிப்பயறும் தட்டப்பயறும் இருக்கின்றனவே, அதைச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சோகை வந்துவிட்ட கர்ப்பிணிக்குப் பயறு மட்டும் போதாது. 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் உள்ள மாத்திரையை நாலாம் மாதத்திலிருந்து தினமும், குறைந்தது 180 நாள் சாப்பிடவேண்டும். பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள். சோகை ஏற்கெனவே இருந்தால் டாக்டர் அளவைக் கூட்டுவார். சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் இதையும் ஒரே நேரத்தில் விழுங்கக் கூடாது. அந்தப் பொண்ணு இரும்பு மாத்திரையைத் தினமும் காலை டீயோடு விழுங்கிக்கொண்டிருந்தாள்! கம்பெனி டீ நேரத்தில்தான் ஞாபகம் வருமாம். மாத்திரையை மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழித்துத் தண்ணியோடு என்று மாற்றினோம், டாக்டரும் அளவைக் கூட்டினார். பயறு ராத்திரி ஊறி, காலையில் வெந்து, டப்பாவில் எலுமிச்சம்பழத் துண்டோடு கம்பெனிக்குப் போக ஆரம்பித்தது. எட்டு வாரத்தில் 10.1. பெரும் பங்கு மாத்திரைக்குத்தான் என்று நினைக்கிறேன். இரண்டே முக்கால் கிலோவில் ஆண் குழந்தை. ரத்தப்போக்கு இருந்தது, ஆனால் தாங்கினாள்.

குளிர்பெட்டி இருக்கிற வீடுகளில் அரைக் கிலோவை ஒரே தடவையாக வேகவைத்து மூன்று நாள் வரைக்கும் எடுத்துக்கொள்ளலாம். ஒரு நாள் சுண்டல், ஒரு நாள் குழம்பு, ஒரு நாள் கீரையோடு. இல்லாத வீட்டில் அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் வேகவையுங்கள்.

விசில் அடங்கிவிட்டதா? சரி, மூடியைத் திறங்கள். ஒரு கடலையை எடுத்து விரலால் நசுக்கிப் பாருங்கள், மாவாக வருகிறதா? வந்தால் வெந்துவிட்டது. தண்ணியைக் கொட்டாதீர்கள், ரசத்துக்கு ஆகும். அக்கா, நீங்கள் அந்த டின்னைத் திறந்து வடிகட்டுங்கள். தராசை இப்படிக் கொண்டு வாருங்கள். எடையை ஒருத்தர் பலகையில் எழுதுங்கள், பிறகு எல்லோருக்கும் சுண்டல்.