காலடியில் எண்ணெய், பங்க்கில் வரிசை

உலகிலேயே அதிக எண்ணெய் இருப்பு உள்ள நாடு வெனிசுவேலா. சுமார் 30,000 கோடி பீப்பாய். அந்த நாட்டுக்கு 2020 மே மாதம் ஈரானிலிருந்து ஐந்து கப்பல்களில் பெட்ரோல் வந்தது. முதல் கப்பலைப் போர்க்கப்பல் அனுப்பி வரவேற்றார்கள். தலைகுனிய வேண்டிய நாளில் மேளதாளம்!

1976-இல் எண்ணெய்த் தொழில் தேசியமயமானபோது பிறந்த அரசு நிறுவனம் பி.டி.வி.எஸ்.ஏ. 1998-இல் அந்நாட்டின் உற்பத்தி நாளொன்றுக்குச் சுமார் 34 லட்சம் பீப்பாய். 2002 ஏப்ரலில் அதிபர் ஹியூகோ சாவேஸ் தம் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் உட்கார்ந்து, கால்பந்து நடுவர் போல விசில் ஊதி, நிறுவனத்தின் உயர் அதிகாரிகளைப் பெயர் சொல்லி வெளியேற்றினார். அந்த ஆண்டு இறுதியில் பெரிய வேலைநிறுத்தம். அது ஓய்ந்ததும் சுமார் 18,000 பேருக்குச் சீட்டுக் கிழிந்தது. ஏறத்தாழப் பாதி நிறுவனம்!

ஓரினோகோ பகுதி எண்ணெய் தார் போலக் கெட்டியானது. நாஃப்தா போன்ற லேசான திரவம் கலக்காமல் குழாயில் ஓடாது. மரகைபோ ஏரியின் பழைய கிணறுகளுக்கு ஓயாத பராமரிப்பு வேண்டும். இதையெல்லாம் அறிந்தவர்கள்தான் அந்த 18,000 பேர். அவர்கள் இடத்துக்கு வந்தவர் கட்சி அட்டையைக் காட்டினால் கிணறு சுரக்குமா?

2004 முதல் 2014 வரை நிறுவனத் தலைவர் ரஃபேல் ராமிரெஸ். எண்ணெய்த் துறை அமைச்சரும் அவரே. கணக்குக் கேட்பவரும் கொடுப்பவரும் ஒரே ஆள்; அப்புறம் கணக்கு எப்படி உதைக்கும்? நிறுவனம் முழுக்கச் சிவப்பு, அதாவது சாவேஸ் பக்கம் என்று 2006-இல் ஊழியர் கூட்டத்திலேயே முழங்கினார். எண்ணெய்க் கம்பெனியை உணவு இறக்குமதியிலும் இறக்கிவிட்டார்கள். 2010-இல் புவெர்ட்டோ கபெல்லோ துறைமுகத்தில் கன்டெய்னர் கன்டெய்னராகச் சாப்பாட்டுப் பொருள் அழுகிக் கிடந்தது. 2012 ஆகஸ்டில் அமுவாய் சுத்திகரிப்பு ஆலையில் வாயு கசிந்து வெடித்து 40-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆலைக் காவலுக்கு நின்ற படைவீரர்களும் குடும்பங்களும் செத்தார்கள். யார் பொறுப்பு? நாசவேலை என்று கைகாட்டி முடித்துவிட்டார்கள்.

2017 நவம்பரில் தலைமை நாற்காலி மானுவேல் கெவெடோவுக்குப் போனது. அவர் தேசியக் காவல்படை ஜெனரல். எண்ணெய்த் தொழில் அனுபவம் பூஜ்யம். ஜெனரல் சல்யூட் அடிக்கச் சொன்னால் சிப்பாய் அடிப்பான், பம்பு அடிக்குமா?

எல்லாப் பழியையும் அமெரிக்கத் தடையின் தலையில் கட்டுவோர் உண்டு. அவர்கள் கணக்கில் கிணறும் துருப்பிடித்தது வாஷிங்டனில்தான். நிறுவனத்தின் மீதே நேரடித் தடை விழுந்தது 2019 ஜனவரியில். அதற்கு முன்பே, 2018 முடிவில், உற்பத்தி 12 லட்சத்துக்குச் சரிந்துவிட்டது. விழுந்த வீட்டைத் தடை மிதித்தது. வீட்டை இடித்தது தடையல்ல. 2020 நடுவில் உற்பத்தி 4 லட்சத்துக்கும் கீழே.

ஊழல் புகாரில் 2023-இல் பதவி விலகிய எண்ணெய் அமைச்சர் தாரெக் எல் ஐசாமி 2024-இல் கைதானார். ஓர் அமைச்சரைப் பிடித்ததும் பழி தீர்ந்ததென்று எவர் மேடையேறினாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்த 18,000 பேர் எங்கே?