கல் நாணயமும் கணினி நாணயமும்



ஒரு பொருளின் விலை வேறு, மதிப்பு வேறு. விலை என்பது சந்தை சொல்லும் எண். இன்று ஏறும், நாளை இறங்கும். மதிப்பு என்பது அவ்வெண்ணைக் கீழிருந்து தாங்கும் காரணம். நெல்லின் விலை கூடினும் குறையினும், அது பசியைத் தீர்க்கும் என்னும் காரணம் மாறுவதில்லை. இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு, இந்நாளில் உங்களிற் பலர் ஆர்வத்தோடு பேசும் கிரிப்டோ நாணயத்தை ஆராய விரும்புகிறேன். அதற்கு விலை உண்டு என்பது வெளிப்படை. அவ்விலையைத் தாங்கி நிற்கும் மதிப்பு ஏதேனும் உண்டா என்பதே நம் கேள்வி. கல்லூரிகளில் நான் பேசச் செல்லும்போதெல்லாம் இக்கேள்வி எழுகிறது. கேட்பவர் முகத்தில் அறிவு வேட்கையோடு, கையிலுள்ள சிறு சேமிப்பை என்ன செய்வது என்ற கவலையும் தெரிகிறது. ஆதலால் இதை வெறும் பட்டிமன்றப் பொருளாகக் கருதுவதற்கில்லை.

முதலில் அந்நாணயம் இன்னதென்று அறிவோம். அதில் ஆயிரக்கணக்கான வகைகள் உள்ளன. அவற்றுள் மூத்ததாகிய பிட்காயினையே எடுத்துக்கொள்கிறேன். 2008ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள், சதோஷி நகமோட்டோ என்னும் பெயரில் ஒன்பது பக்கக் கட்டுரை ஒன்று வெளியாயிற்று. வங்கியின் இடையீடின்றி ஒருவர் மற்றொருவருக்குப் பணம் அனுப்பும் வழியை அது விளக்கியது. 2009 ஜனவரி 3ஆம் நாள் அம்முறை இயங்கத் தொடங்கிற்று.

அதன் உயிர்நாடி ஒரு பேரேடு. யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்னும் கணக்கு, உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே படியாக எழுதி வைக்கப்படுகிறது. ஏறத்தாழப் பத்து நிமிடங்களுக்கு ஒரு முறை அப்பேரேட்டில் புதிய பக்கம் சேர்கிறது. அப்பக்கத்தை எழுதும் உரிமைக்காகக் கணினிகள் கடினமான கணக்குப் புதிர் ஒன்றில் போட்டியிடுகின்றன. வென்றவருக்குப் புதிய நாணயங்கள் பரிசாகக் கிடைக்கும். தொடக்கத்தில் 50ஆக இருந்த அப்பரிசு, ஏறக்குறைய நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை பாதியாகிப் பாதியாகி, 2024 ஏப்ரலில் 3.125 ஆயிற்று. எக்காலத்தும் 2 கோடியே 10 லட்சம் நாணயங்களுக்கு மேல் உண்டாகலாகாது என்பது அதன் விதி.

இனி, பொருள்களுக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். மூன்று ஊற்றுகளைச் சொல்லலாம். முதலாவது பயன்: சோறு உண்ணப் பயன்படுகிறது, துணி உடுக்கப் பயன்படுகிறது. இரண்டாவது வருவாய்: நன்செய் நிலம் ஆண்டுதோறும் விளைவு தருகிறது, வீடு வாடகை தருகிறது, கடன் பத்திரம் வட்டி தருகிறது. மூன்றாவது உடன்பாடு: எல்லாரும் ஏற்பார்கள் என்பதனாலேயே ஒரு பொருளை நாமும் ஏற்கிறோம். பிட்காயினை உண்ணவும் முடியாது, உடுக்கவும் முடியாது. வாங்கி வைத்தால் அது விளைவதும் இல்லை. எஞ்சி நிற்பது உடன்பாடு ஒன்றே.

‘அப்படியானால் அது வெறும் காற்று’ என்று சொல்லிச் சிலர் வழக்கை முடித்துவிடுகிறார்கள். நான் அவ்வளவு விரைவாக முடிக்க மாட்டேன். நம் சட்டைப்பையில் உள்ள ரூபாய்த் தாளும் உடன்பாட்டினால் உயிர் வாழ்வதே அன்றோ? 2016ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் இரவை நினைத்துப் பாருங்கள். 500 ரூபாய், 1000 ரூபாய்த் தாள்கள் நள்ளிரவு முதல் செல்லாவென்று அரசு அறிவித்தது. தாள் அதே தாள். மை அதே மை. அச்சிட்ட எண்ணும் மாறவில்லை. ஆயினும் மறுநாள் காலையில் அவற்றைக் கொடுத்துக் கடையில் காய்கறி வாங்குவது அரிதாயிற்று. வங்கியில் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்ற உறுதி இருந்ததனால்தான் அவை குப்பைக்குப் போகவில்லை.

உடன்பாட்டின் வலிமைக்கு இதனினும் விந்தையான சான்று பசிபிக் பெருங்கடலில் உண்டு. யாப் என்னும் தீவின் மக்கள் பெரிய கல் வட்டங்களைப் பணமாக வழங்கினர். நடுவில் துளையிட்ட அக்கற்களை, 400 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள பலாவுத் தீவுகளில் வெட்டியெடுத்து, கடல் கடந்து கொண்டுவந்தனர். அவற்றுள் பெரியவை ஆள் உயரத்தை விஞ்சுவன. உருட்டிச் செல்வதும் அரிது. ஆதலால் கல் கைமாறினாலும் இடம் மாறுவதில்லை. ‘இன்று முதல் இது இன்னாருடையது’ என்று ஊர் அறிந்துகொண்டால் போதும். வில்லியம் ஃபர்னெஸ் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1910இல் வெளியிட்ட நூலில் ஒரு செய்தி கூறுகிறார். ஒரு குடும்பத்தின் முன்னோர் கொண்டுவந்த கல் வழியில் புயலில் சிக்கிக் கடலில் மூழ்கிவிட்டது. அதைப் பின்வந்த தலைமுறையினர் எவரும் கண்ணால் கண்டதில்லை. ஆயினும் அக்கல் அக்குடும்பத்தின் செல்வமென்றே ஊரார் ஒப்புக்கொண்டனர்.

கிரிப்டோ நாணயத்தின் ஆதரவாளர்கள் இக்கதையை விரும்பிச் சொல்வார்கள். கடலடியில் கிடக்கும் கல் பணமாகுமானால், கணினிப் பேரேட்டில் உள்ள எண் ஏன் பணமாகாது என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்வியே. ஆனால் கேள்வியை ஒரு படி முன்னே கொண்டுசெல்ல வேண்டும். அந்த உடன்பாட்டைத் தாங்கி நிற்பது எது? யாப் தீவில் தாங்கியது ஒருவரையொருவர் அறிந்து, கொண்டும் கொடுத்தும், தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து வாழ்ந்த சமுதாயம். ரூபாயைத் தாங்குவது அரசின் வரி, நீதிமன்றத்தின் ஆணை, ரிசர்வ் வங்கியின் பொறுப்பு ஆகியவை. வரியை ரூபாயில்தான் செலுத்த வேண்டும். ஆகவே ரூபாய் எல்லாருக்கும் வேண்டியிருக்கிறது. பிட்காயினைத் தாங்குவதோ, நாளையும் அதை விரும்பி வாங்க ஒருவர் வருவார் என்னும் எதிர்பார்ப்பு.

இதற்கு இரண்டு மறுமொழிகள் கூறப்படுகின்றன. ஒன்று, அதை உண்டாக்க மிகுந்த மின்சாரம் செலவாகிறது என்பது. செலவு மதிப்பாகிவிடாது. பாறையில் நூறு அடி வெட்டியும் நீர் காணாத கிணற்றுக்குச் செலவழித்த தொகையை எவர் தருவார்? பேரேட்டைப் பொய்யாகத் திருத்த முடியாதபடி காப்பதே அம்மின்சாரத்தின் வேலை. பெட்டியின் பூட்டு வலியது என்பதனால் உள்ளே பொன் இருக்கிறதென்று கொள்ளலாமா? மற்றொன்று, அது அளவில் அரியது என்பது. அருமை மட்டும் போதாது. அரிய பொருளை வேண்டுவோரும் இருக்க வேண்டும். மேலும், பிட்காயினின் எண்ணிக்கைக்கு எல்லை உண்டேயன்றி, புதிது புதிதாகத் தோன்றும் பிற நாணயங்களின் வகைக்கு எல்லை இல்லை.

ஆயினும் பூட்டுக்கும் ஒரு பயன் உண்டென்பதை மறுக்கலாகாது. எவருடைய இசைவும் பெறாமல், நாட்டின் எல்லை கடந்து, பணத்தை அனுப்ப இம்முறை உதவுகிறது. தம் நாட்டு நாணயம் நாள்தோறும் தேய்வதைக் காண்போருக்கும், வங்கிக் கதவு அடைபட்டோருக்கும் அது உண்மையான தொண்டே. அத்தொண்டுக்கு ஒரு மதிப்பு உண்டு. ஆனால் அன்றாட வழக்கில் அது பணமாக நிலைக்குமா? எல் சால்வடார் நாடு 2021 செப்டம்பரில் பிட்காயினைச் சட்டப்படி செல்லும் பணமாக்கிப் பார்த்தது. மக்களிற் பெரும்பாலோர் பழகிய டாலரையே தொடர்ந்து வழங்கினர். பன்னாட்டு நிதியத்தோடு செய்துகொண்ட உடன்படிக்கையை ஒட்டி, 2025 ஜனவரியில் அந்நாடு சட்டத்தைத் திருத்தி, கடைக்காரர் அதை ஏற்றே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கிவிட்டது.

காரணம் காண்பது அரிதன்று. 2010 மே 22ஆம் நாள் அமெரிக்கர் ஒருவர் இரண்டு பீட்சாவுக்கு 10,000 பிட்காயின் கொடுத்தார். 2021 நவம்பரில் ஒரு பிட்காயினின் விலை ஏறக்குறைய 69,000 டாலர். 2022 நவம்பரில் அது 16,000 டாலருக்கும் கீழே விழுந்தது. 2024 டிசம்பரில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. நாளுக்கு நாள் நீளம் மாறும் முழக்கோலைக் கொண்டு துணி வணிகம் நடத்த இயலுமா?

‘பொன்னும் வட்டி தருவதில்லையே’ என்று நீங்கள் கேட்கலாம். உண்மை. பொன்னின் விலையிலும் பெரும்பகுதி உடன்பாடே. எனினும் உடன்பாடு அற்றுப்போனாலும் அணிகலனாகவும் தொழிற் பொருளாகவும் பொன் எஞ்சி நிற்கும். அவ்வுடன்பாடும் பல்லாயிரம் ஆண்டுகள் சோதனையில் தேறியது. பிட்காயினின் வாழ்நாளோ 2009இல் தொடங்கியது. ஆகவே அது அழிந்தே போகும் என்று நான் சோதிடம் சொல்லவில்லை. நிலைத்தே தீரும் என்று சொல்வாரின் சோதிடத்தையும் ஏற்கவில்லை.

நம் நாட்டு நிலையையும் அறிந்துகொள்ளுங்கள். இத்தொழிலுக்கு வங்கிகள் துணைபோகலாகாதென்று 2018இல் ரிசர்வ் வங்கி இட்ட தடையை, 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. 2022 ஏப்ரல் 1 முதல் இதில் வரும் ஆதாயத்துக்கு நூற்றுக்கு 30 வீதம் வருமான வரி விதிக்கப்பட்டது. வரி விதித்ததனால் அரசு அதற்குப் பொறுப்பேற்றதாகக் கருதுவது பெருந்தவறு. எவரையும் நம்ப வேண்டாத முறை என்று இது புகழப்பட்டது. ஆனால் வாங்கியவர்களிற் பலர் தம் நாணயத்தைத் தரகு நிலையங்களிடமே நம்பி விட்டுவைத்தனர். அத்தகைய பெரிய நிலையங்களுள் ஒன்றாகிய எஃப்டிஎக்ஸ் 2022 நவம்பரில் நொடித்தது. வாடிக்கையாளரை ஏமாற்றிய குற்றத்துக்காக அதன் நிறுவனருக்கு 2024இல் 25 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

ஆகவே என் முடிவு இது. கிரிப்டோ நாணயம் முழுப் பொய்யன்று; பிட்காயினுக்கு ஒரு தொண்டும், அத்தொண்டுக்கு ஏற்ற மதிப்பும் உண்டு. ஆனால் அதன் பெரும் விலையைத் தாங்கும் விளைவோ வாக்குறுதியோ அதனுள் இல்லை. நீங்கள் ஈட்டும் ஆதாயம், உங்களுக்குப் பின் வந்து அதிக விலை கொடுப்பவரின் பையிலிருந்தே வரவேண்டும். அவர் வராவிடில் இழப்பு உங்களுடையது. எந்த நாணயத்தை எவர் புகழ்ந்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இதன் பயன் என்ன? இது எதை விளைவிக்கும்? வாங்குவார் இல்லாத நாளில் இதற்கு யார் பொறுப்பு? விடை கிடைக்கும்வரை, தந்தை அனுப்பிய கல்விக் கட்டணத்தையும், கடன் வாங்கிய பணத்தையும் அதில் இடாதீர்கள். தொழில்நுட்பத்தைக் கற்றுக்கொள்ளுங்கள், அதற்காகச் செலவிடும் காலம் வீண் போகாது.