விருந்தாளிக்காகக் கட்டிய ஊர்

(அறக்கட்டளையின் குடும்பச் சந்திப்பில் ஆற்றிய உரை)



சீசன் முடிந்து எல்லோரும் சற்று மூச்சுவிடும் நேரத்தில் உங்களை அழைத்திருக்கிறோம். ஏப்ரல், மே மாதங்களில் நம் வீடுகளில் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடக்கூட நேரம் கிடைப்பதில்லை. டாக்சி ஓட்டுகிறவர், லாட்ஜில் அறை பார்க்கிறவர், வர்க்கி சுடுகிறவர், தைலமும் சாக்லேட்டும் விற்கிறவர் என்று நம்மில் பலருடைய வருடப் பிழைப்பும் அந்த இரண்டு மாதத்தை நம்பித்தான் இருக்கிறது. இந்த ஊர் ஏன் இப்படி அமைந்தது என்று நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். அது தெரிந்தால்தான் இனி என்ன செய்வது என்பதும் புரியும்.

இருநூறு வருடங்களுக்கு முன் இங்கே ஊட்டி என்று ஒரு நகரம் இல்லை. தோடர்களின் மந்துகளும், அவர்களுடைய எருமைகள் மேய்ந்த புல்வெளிகளும், சோலைக் காடுகளும் இருந்தன. மலையின் மற்றப் பகுதிகளில் படுகர், கோத்தர், இருளர், குறும்பர் வாழ்ந்தார்கள். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு இந்த மலை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. 1819-ல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மேலே ஏறி வந்தார். முதலில் கோத்தகிரிப் பக்கம் வீடு கட்டினார். பிறகு ஊட்டிக்கு வந்து 1822-ல் ‘ஸ்டோன் ஹவுஸ்’ என்ற வீட்டைக் கட்டத் தொடங்கினார். மலைமக்கள் அதைக் ‘கல் பங்களா’ என்றார்கள். இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருப்பது அதுதான். உருளைக்கிழங்கு முதலான இங்கிலீஷ் காய்கறிகளும் அவர் காலத்தில்தான் இந்த மண்ணில் பரவின.

சமவெளியின் வெயிலிலும் காய்ச்சலிலும் வாடிய வெள்ளைக்கார அதிகாரிகளும் சிப்பாய்களும் உடம்பைத் தேற்றிக்கொள்ளும் இடமாகத்தான் ஊட்டியின் முதல் வளர்ச்சி இருந்தது. சென்னை ஆளுநர் லஷிங்டன் அதற்கு முழு ஆதரவு கொடுத்தார். அவர் காலத்தில் 1829-ல் அடிக்கல் நாட்டப்பட்டதே புனித ஸ்டீபன் தேவாலயம். அதன் பெரிய உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையிலிருந்து கொண்டுவரப்பட்டவை. அவ்வளவு கனமான மரங்களைப் பாதை சரியில்லாத மலைமேல் ஏற்றியவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

அடுத்த கட்டம் அரசாங்கம் வந்தது. 1866-ல் ஊட்டியும் குன்னூரும் நகராட்சிகள் ஆயின. கோடை வந்தால் சென்னை அரசாங்கமே இங்கே குடிபெயர்ந்தது. ஆளுநர், அதிகாரிகள், அவர்களைத் தேடி வந்த ராஜாக்கள், ஜமீன்தார்கள் என்று பங்களாக்கள் பெருகின. அவர்களுக்கு ரொட்டி சுடவும், இறைச்சி கொடுக்கவும், கோட்டு தைக்கவும், குதிரை பார்க்கவும், சுவர் எழுப்பவும் ஆட்கள் வேண்டியிருந்தது. கோவை, மேட்டுப்பாளையம் பக்கமிருந்து தமிழ் பேசுவோரும், மைசூர்ப் பக்கமிருந்து உருது பேசுவோரும், மலபாரிலிருந்து மலையாளம் பேசுவோரும் மேலே வந்தார்கள். நம் மஹல்லாக்களில் இன்றும் மூன்று மொழியும் காதில் விழுவது அந்த வரலாற்றால்தான்.

மூன்றாவது கட்டம் ரயில். 1873-ல் மேட்டுப்பாளையம் வரை ரயில் வந்தது. அங்கிருந்து மேலே வர மாட்டு வண்டி, குதிரை, டோங்கா. 1899-ல் பல்சக்கர ரயில் குன்னூரைத் தொட்டது. 1908-ல் ஊட்டிக்கு வந்தது. 46 கிலோமீட்டர் பாதை. செங்குத்தான இடங்களில் பன்னிரண்டரை அடி போனால் ஓர் அடி ஏறுகிறது. 2005-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தபோது நாம் எல்லோரும் பெருமைப்பட்டோம். ஆனால் ரயில் வந்தபோது, மேட்டுப்பாளையத்திலிருந்து டோங்கா ஓட்டிப் பிழைத்தவர்களின் தொழில் என்ன ஆகியிருக்கும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

நான்காவது கட்டம் சுதந்திரத்துக்குப் பிறகு. கோடைத் தலைநகரம் என்ற நிலை போனது. பஸ்ஸும் காரும் வந்தன. ராஜாக்களுக்குப் பதிலாகச் சாதாரணக் குடும்பங்கள் வந்தன, புதுமணத் தம்பதிகள் வந்தார்கள், சினிமா படப்பிடிப்பு வந்தது. பங்களா வேலை குறைந்தது. லாட்ஜும் டாக்சியும் கடையும் பெருகின.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மேலே வரும் பாதை மாறிய ஒவ்வொரு தடவையும் வருகிற விருந்தாளி மாறினார். விருந்தாளி மாறியதும் நம் தொழில் மாறியது. முன்கூட்டியே புரிந்துகொண்டு மாறியவர்கள் நிமிர்ந்தார்கள். மற்றவர்கள் கடனில் விழுந்தார்கள்.

இப்போது பாதை மீண்டும் மாறுகிறது. சென்னை உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதம் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை, வெளியூர் வண்டிகள் வார நாட்களில் 6,000, சனி ஞாயிறுகளில் 8,000 என்று வரம்பும் வந்தது. நம் டிரைவர்களும் கடைக்காரர்களும் வருத்தப்பட்டார்கள். அந்த வருத்தம் நியாயமானது. வாடகையும் பள்ளிக் கட்டணமும் வரம்பு பார்த்து வருவதில்லை.

ஆனால் மறுபக்கத்தையும் பார்ப்போம். 2011 கணக்கெடுப்பில் ஊட்டி நகராட்சியின் மக்கள்தொகை 88 ஆயிரத்துச் சொச்சம். வண்டிக்கு ஐந்து பேர் என்று வைத்தாலும் 6,000 வண்டியில் 30,000 பேர் ஒரே நாளில் மலையேறுகிறார்கள். அவர்கள் குடிக்கும் தண்ணீரும் நம் பார்சன்ஸ்வேலியிலிருந்துதானே வர வேண்டும்? சல்லிவன் வெட்டிய ஏரியைப் பாருங்கள். இன்றைய பேருந்து நிலையமும் குதிரைப் பந்தய மைதானமும் ஒரு காலத்தில் அந்த ஏரியின் தண்ணீர் நின்ற இடங்கள். மிச்சமிருக்கும் ஏரிக்குக் கோடப்பமந்து கால்வாய் வழியாக ஊரின் சாக்கடை வந்தது. விருந்தாளிக்குக் காட்ட வேண்டிய அழகையே, விருந்தாளிக்கு இடம் செய்கிறோம் என்று நாம் எல்லோரும் சேர்ந்து கெடுத்தோம்.

இன்னொன்று நம் உயிர் சம்பந்தப்பட்டது. விசாலமான மேட்டு நிலங்கள் அந்தக் காலத்திலேயே பங்களாக்களுக்குப் போய்விட்டன. வேலைக்காரக் குடும்பங்களுக்குக் காந்தல் போன்ற நெருக்கமான பகுதிகள் கிடைத்தன. அங்கேயும் இடம் தீர்ந்தபின் சரிவுகளில் வீடு வந்தது. மண்ணை வெட்டிச் சமன் செய்து, மழைநீர் ஓடும் வழியை அடைத்துவிட்டால், தண்ணீர் உள்ளே இறங்கி மண் கனத்துச் சரிகிறது. 1993 நவம்பரில் குன்னூர் – மேட்டுப்பாளையம் சாலையில் மரப்பாலம் அருகே மலை சரிந்து உயிர்கள் போயின. 2009 நவம்பரில் மாவட்டம் முழுவதும் நடந்த நிலச்சரிவுகளில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். கட்டட உயரம் 7 மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்ற விதி நம்மைத் தொந்தரவு செய்வதற்காக வந்தது அல்ல.

ஆகவே அறக்கட்டளையின் சார்பில் குடும்பங்களுக்கு மூன்று வேண்டுகோள் வைக்கிறோம்.

முதலாவது, சீசன் வருமானத்தைப் பன்னிரண்டு மாத வருமானமாகப் பிரித்துப் பழகுவோம். மே மாதம் கையில் பணம் இருக்கும்போதே ஜூன் பள்ளிக் கட்டணத்தையும் மழைக்காலச் செலவையும் தனியாக எடுத்து வையுங்கள். ஆகஸ்டில் வட்டிக்கு வாங்கி மே மாதம் அடைப்பது என்ற சுழலில் பல வீடுகள் சிக்கியிருப்பதை உதவி கேட்டு வரும் மனுக்களில் பார்க்கிறோம்.

இரண்டாவது, நிலம் வாங்குமுன் கேளுங்கள். விலை மலிவு என்று சரிவில் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். அனுமதி கிடைக்கும் இடமா, நீரோடும் வழியா என்று விசாரித்தபின் கையெழுத்திடுங்கள். பத்திரத்தை எடுத்து வாருங்கள். விவரம் தெரிந்தவர்களிடம் காட்டி உதவுகிறோம். மகள் நிக்காஹுக்குச் சேர்த்த பணம் மண்ணோடு போகக்கூடாது.

மூன்றாவது, பிள்ளைகளைச் சீசன் வேலைக்காகப் பள்ளியிலிருந்து நிறுத்தாதீர்கள். வழிகாட்டி வேலையே ஆனாலும், இந்த மலையின் கதையையும் காட்டையும் படித்துச் சொல்லத் தெரிந்தவனுக்கு வருடம் முழுவதும் மதிப்பு இருக்கும். வண்டிகள் குறையும் காலத்தில், வருகிறவர் ஒரு நாள் கூடுதலாகத் தங்கும்படி செய்பவர்தான் பிழைப்பார்.

ஊட்டியில் சேட் மருத்துவமனை என்றால் தெரியாத தாய்மார் குறைவு. ஒரு குடும்பத்தின் பெயரைத் தாங்கிய அந்த இடத்தில் சாதி மதம் பாராமல் எத்தனையோ பிள்ளைகள் பிறந்திருக்கிறார்கள். விருந்தாளிக்காகக் கட்டிய ஊரில், குடியிருப்பவர்களுக்காகவும் ஏதாவது நிலைத்து நிற்க வேண்டும் என்று நினைத்தவர்கள் இருந்திருக்கிறார்கள். நம்மால் மருத்துவமனை கட்ட முடியாமல் போகலாம். ஒரு பிள்ளையின் படிப்பையும், பக்கத்து வீட்டின் கடனையும், நம் தெருவின் நீர்வழியையும் பார்த்துக்கொள்ள முடியும்.

மழைக்காலம் வருகிறது. இந்த வாரமே உங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள ஓடையையும் காலையும் ஒருமுறை பாருங்கள். அடைப்பு இருந்தால் அக்கம்பக்கத்தார் சேர்ந்து எடுத்துவிடுங்கள். அல்லாஹ் நம் எல்லோரையும், இந்த மலையில் வாழும் எல்லா மக்களையும் பாதுகாப்பானாக. வஸ்ஸலாம்.