வடிகட்டி எதைத் தடுக்கும்?



தில்லியில் குடியேறிய தமிழர் இரண்டு பருவங்களுக்கு அஞ்சக் கற்றுக்கொள்கின்றனர். கோடையில் ‘லூ’ என்னும் அனற்காற்று. ஐப்பசி முதல் மார்கழிவரை புகைமூட்டம். ஜங்புராவில் பாராபுல்லா வடிகால் கரையில் அமைந்திருந்த மதராசி கேம்ப் மக்கள் இவ்விரண்டையும் பல பத்தாண்டுகள் கண்டவர்கள். 2025 ஜூன் 1 அன்று அக்குடியிருப்பு இடிக்கப்பட்டது. 370 வீடுகளுள் 189 மட்டுமே மாற்றுவீட்டுக்குத் தகுதியுடையன என முடிவாயிற்று. அம்மாற்றுவீடுகளும் சுமார் 40 கிலோமீட்டருக்கு அப்பால் நரேலாவில் உள்ளன. அங்கும் குளிர்காலக் காற்று மாசற்றதன்று. புதிய இடத்தில் குடித்தனம் தொடங்குவோர், காற்றுக் கருவி வாங்குமுன் கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கவேண்டும்: இது எதைத் தடுக்கும்?

முதலில் கூலர். அதன் பக்கங்களிலுள்ள மரச்சீவல் மெத்தையை வடிகட்டி என்று பலர் எண்ணுகின்றனர். நீரை ஏந்தி ஆவியாக்கிக் காற்றைக் குளிர்விப்பதே அதன் வேலை. மணலும் தூசியும் அதில் ஓரளவு படியும்; புகையின் நுண்துகளோ தங்குதடையின்றி உள்ளே வந்துவிடும். ‘கஸ்’ என்று இங்கு விற்கப்படுவது நம் வெட்டிவேர்தான். ஆங்கிலமும் அப்பெயரைத் தமிழிலிருந்தே பெற்றது. அதனை மணத்துக்காக வாங்கலாம், மாசுக்காக அன்று.

சுவரில் மாட்டும் ஏ.சி. பெட்டியின் வலையும் அத்தகையதே. அது பெட்டியைத் தூசியினின்று காப்பதற்கே பெரிதும் உதவும். இரு வாரத்துக்கு ஒருமுறை கழுவி உலர்த்தினாற் போதும். அதன்மேல் அடர்ந்த வடிகட்டியைத் திணித்தால் காற்றோட்டம் தடைப்பட்டு உள்ளே பனி உறையக்கூடும்.

நுரையீரலின் ஆழம்வரை செல்வது 2.5 மைக்ரானும் அதனினும் சிறியதுமான துகள். தலைமயிரின் தடிமனோ ஏறத்தாழ 70 மைக்ரான். ஒரு நாள் சராசரியாக கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம் என்பது இந்திய வரம்பு. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்தது 15. தில்லிக் குளிர்காலம் இவ்விரண்டையும் பன்மடங்கு மீறுவதுண்டு. இத்துகளைப் பிடிக்கவல்லது ‘ஹெபா’ வடிகட்டி. 0.3 மைக்ரான் துகளிலும் நூற்றுக்கு 99.97 பங்கைத் தடுப்பதே அதன் இலக்கணம். ‘ஹெபா போன்றது’ என்று எழுதியிருப்பின் அவ்வுறுதி இல்லை.

அளவும் பொருந்தவேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, ஒன்பதடி உயரமெனில், ஏறத்தாழ 30 கனமீட்டர் காற்று. மணிக்கு ஐந்துமுறை அது தூய்மையாக, 150 கனமீட்டர் தரும் கருவி தேவை. பெட்டியின்மேல் இவ்வெண் அச்சிடப்பட்டிருக்கும். விளம்பரத்தைவிட அதனைப் பாருங்கள். மாற்று வடிகட்டியின் விலையையும் அப்போதே கேட்டுவிடுங்கள். பலர் பின்னரே கேட்டுத் திகைக்கின்றனர். வீட்டில் ஒரே கருவிதான் இயலுமெனில், குழந்தைகளும் முதியோரும் உறங்கும் அறைக்கே அது உரியது.

இனி, வெப்பமூட்டும் முறை. ‘அங்கீட்டி’ என்னும் கரிக்கணப்பை மூடிய அறையில் வைத்து உறங்கி, விடியலில் உயிரற்றுக் கிடந்தோரின் செய்தி தில்லிக் குளிர்காலத்தில் அரிதன்று. காரணம் கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. அது துகளன்று, வாயு. ஆகவே ஹெபாவும் அதைத் தடாது, நாற்றம் போக்கும் கரிவடிகட்டியும் தடாது. காற்றுச் சுத்திக் கருவி ஓடுகிறதே என்று நம்பி, கணப்பை உள்ளே வைத்துச் சன்னலை அடைப்பது பெருந்தீங்கு. கம்பளி போதாவிடின் மின்கணப்பை ஏற்றுங்கள். கரிக்கணப்பு முற்றத்தில் இருக்கட்டும். தீ அவிந்தபின்னும் கனல் உள்ளவரை அதனை அறைக்குள் கொணர வேண்டாம்.