"மேலெல்லாம் வலிக்குதுங்க ஐயா"
(தோட்டத் தாய்மார் கூட்டமொன்றில் எமது சுகாதாரக் குழு நிகழ்த்திய உரை)



அந்தி நிறுவை முடித்து, பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறோம்.

எங்கள் குழுவில் ஒருவருடைய அம்மா முப்பது வருடம் கொழுந்து எடுத்தவர். இடுப்பு வலிக்கு மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குப் போவார். என்ன வருத்தம் என்று கேட்டால் "மேலெல்லாம் வலிக்குதுங்க ஐயா" என்பார். மாத்திரை கிடைக்கும். அடுத்த மாதமும் அதே பேச்சு, அதே மாத்திரை. இரண்டு வருடம் இப்படியே ஓடியது. வீட்டில் மட்டும் வேறு மாதிரிச் சொல்வார்: "இடுப்புல புடிச்சு, பின்தொடை வழியா சுண்டுவிரல் வரைக்கும் கரண்டு அடிச்ச மாதிரி இறங்குது. படி ஏறுறப்போ பாதம் மரத்துப் போகுது." இதை ஏன் அங்கே சொல்லவில்லை என்று கேட்டால், "பின்னால எம்புட்டு சனம் நிக்குது, ஐயாவுக்கு ஏது நேரம்?" என்பார்.

ஒருநாள் மகள் கூடப்போய் அதை அப்படியே சொன்னார். அன்றுதான் அம்மாவைப் படுக்க வைத்து, காலை நீட்டியபடி தூக்கிப் பார்த்தார்கள். இடுப்பில் நரம்பு நசுங்கியிருந்தது. மருந்து மாறியது, பயிற்சியும் சொல்லிக் கொடுத்தார்கள். அவர்களும் முன்னமே கேட்டிருக்கலாம்தான். ஆனால் கேட்கும்வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை.

மூன்று மாதத்துக்கு மேல் நிற்கும் வலியை நாட்பட்ட வலி என்கிறார்கள். பிரஷரைப் போல இதை அளக்க மீட்டர் கிடையாது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமலும் வலி இருக்கும். நம் வாய்ச்சொல்தான் டாக்டருக்குக் கிடைக்கும் முதல் சாட்சி. கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்ட் மெல்சாக் என்பவர், நோயாளிகள் வலியைச் சொல்லும் சொற்களைத் திரட்டி, 78 சொற்கள் கொண்ட கேள்வித்தாள் ஒன்றை 1975இல் வெளியிட்டார். நம் லயத்து இஸ்தோப்பில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் அதற்குக் குறையாத சொற்கள் வரும்! குத்துது, குடையுது, கடுக்குது, உளையுது, எரியுது, விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. இதில் எரிச்சல், கரண்டு, மரத்துப் போவது என்றால் நரம்பாக இருக்குமோ என்று டாக்டர் யோசிப்பார். காலையில் எழும்பி விரலை மடக்கவே ஒரு மணித்தியாலம் ஆகுது என்றால் மூட்டுவாதமா என்று பார்ப்பார். "மேலெல்லாம் வலி" என்றால் அவர் எங்கே தேடுவார்?

டாக்டருக்குத் தமிழ் தெரியாவிட்டால் ஸ்கூல் பிள்ளையைக் கூட்டிப் போகிறோம். பிள்ளை எல்லாவற்றையும் "ரிதெனவா" என்று ஒரே சொல்லில் முடித்துவிடும். எரிச்சலுக்கு "தெவில்ல", மரத்துப் போவதற்கு "ஹிரி வெட்டெனவா". இந்த இரண்டையும் பாடமாக்கிக் கொள்ளுங்கள். அடிவயிற்று வலியை மகனை வைத்துச் சொல்ல எந்தத் தாய்க்கு வாய் வரும்? அதற்கு ஒரு பெண்ணையே துணைக்குக் கூட்டிப் போங்கள்.

சில இடங்களில் "0 முதல் 10 வரை எத்தனை?" என்று கேட்பார்கள். 0 என்றால் வலியே இல்லை. 10 என்றால் நினைத்துப் பார்க்கக்கூடிய மிக மோசமான வலி. சிலர் கவனிக்கட்டுமே என்று எப்போதும் 10 சொல்கிறோம். பலர், வேலைக்குப் போகவேண்டாம் என்று சொல்லிவிட்டால் நாள் பேர் போய்விடுமே என்று பயந்து 3 என்கிறோம். பக்கத்து காம்பரா அக்காவின் 6 வேறு, உங்கள் 6 வேறு. போன மாதம் உங்களுக்கு 7, இந்த மாதம் 5 என்றால் மருந்து கேட்கிறது என்று அர்த்தம். அதற்குத்தான் அந்தக் கணக்கு.

எண் சொல்ல வரவில்லையா, விடுங்கள். செய்ய முடியாமல் போனதைச் சொல்லுங்கள். பீலியிலிருந்து தண்ணிக் குடத்தை எத்தனை தடவை இறக்கி வைக்கிறீர்கள்? ராத்திரி எத்தனை தரம் எழும்புகிறீர்கள்? நிறுவைக் கணக்கும் நல்ல சாட்சிதான். "18 கிலோ எடுத்த கை, ரெண்டு மாசமா 12ல நிக்குதுங்க" என்றால் எந்த டாக்டரும் நிமிர்ந்து பார்ப்பார். ஆனால் வெயில் காலத்தில் எல்லோருக்குமே கொழுந்து குறையும். அதனால் உங்கள் நிரைக்குப் பக்கத்து நிரைக்காரர் எவ்வளவு எடுத்தார் என்பதையும் பார்த்துக் கொள்ளுங்கள். எழுதத் தெரியாதவர்கள் கலண்டரில் வலி கூடிய நாளுக்கு ஒரு புள்ளி போட்டால் போதும்.

ஒன்றை மட்டும் கலண்டரில் குறித்துக்கொண்டு இருக்காதீர்கள். இடுப்பு வலியோடு மூத்திரம் கட்டிக்கொண்டாலோ, அடக்க முடியாமல் போனாலோ, இரண்டு தொடைக்கும் நடுவில் உணர்ச்சி இல்லாமல் போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வலியோடு காய்ச்சலோ, காரணமில்லாத மெலிவோ இருந்தாலும் நாள் கடத்தக் கூடாது.

இப்போது தேத்தண்ணி வருகிறது. குடித்துவிட்டு, ஒவ்வொருவரும் உங்கள் வலியை உங்கள் சொல்லில் எங்களுக்குச் சொல்லுங்கள். அடுத்த கிளினிக்குக்கு நீங்கள் கொண்டுபோக, அதைத் துண்டில் எழுதித் தருகிறோம்.